அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பம்: பள்ளிக் கவுன்சிலரிடம் எதை, எப்போது, எப்படிக் கேட்பது

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தால் அங்கே இரண்டு கோப்புகள் போய்ச் சேர்கின்றன. ஒன்று பிள்ளை அனுப்புவது: கட்டுரைகள், செயல்பாடுகளின் பட்டியல், தேர்வு மதிப்பெண்கள். மற்றொன்று பள்ளி அனுப்புவது. முதல் கோப்புக்காகக் குடும்பமே மாதக்கணக்கில் கண்விழிக்கும். இரண்டாவது கோப்பில் என்னென்ன இருக்கும், யார் எழுதுவார், எப்போது போகும் என்று பல வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை. அதைத் தயாரிப்பவர் பள்ளிக் கவுன்சிலர்.

ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர் சங்கத்தின் பரிந்துரை. தேசிய சராசரி அதைவிட மிக அதிகம். பெரிய அரசுப் பள்ளிகளில் 400 பேர் என்பது அதிசயமில்லை. கால அட்டவணை போடுவது, வருகைப் பிரச்சினை, மனநல நெருக்கடி, பட்டமளிப்புக்கான கிரெடிட் (பாடம் முடித்ததற்கான புள்ளி) கணக்கு எல்லாம் அவர் தலையில்தான். இதற்கு நடுவே உங்கள் பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுத அவருக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் அவர் கையில் என்ன இருக்கிறது என்பது பெருமளவு நீங்கள் முன்கூட்டி என்ன கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த வழிகாட்டி முழுவதும் அதைப் பற்றியதே.

பள்ளி அனுப்பும் கோப்பில் இருப்பவை

காமன் ஆப் (ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் இணையதளம்) வழியாக விண்ணப்பிக்கும்போது கவுன்சிலர் அனுப்புபவை: டிரான்ஸ்கிரிப்ட் (எடுத்த பாடங்களும் மதிப்பெண்களும் கொண்ட பதிவு), பள்ளியின் புரொஃபைல், ஸ்கூல் ரிப்போர்ட் என்ற படிவம், கவுன்சிலரின் ரெக்கமண்டேஷன் கடிதம். முதல் செமஸ்டர் மதிப்பெண்கள் வந்ததும் மிட்-இயர் ரிப்போர்ட். படிப்பு முடிந்ததும் ஃபைனல் ரிப்போர்ட்.

ஸ்கூல் ரிப்போர்ட் படிவத்தில் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி), ரேங்க், வகுப்பின் எண்ணிக்கை போன்றவற்றுடன் ஒரு கேள்வி வரும்: இந்தப் பள்ளியில் கல்லூரிக்குத் தயாராகும் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை? உச்சக் கடினம், மிகக் கடினம், கடினம், சராசரி, சராசரிக்குக் கீழே என்ற படிகளில் ஒன்றைக் கவுன்சிலர் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டி அதிகமுள்ள கல்லூரிகள் இதைக் கவனித்துப் படிக்கும். எத்தனை ஏபி (கல்லூரித் தரத்திலான பள்ளிப் பாடம்) எடுத்தால் மேல்படி கிடைக்கும் என்பதற்குச் சில பள்ளிகளில் எழுதப்பட்ட அளவுகோலே உண்டு. பத்தாம் வகுப்பிலேயே கவுன்சிலரிடம் நேராகக் கேட்கலாம்: "நம் பள்ளியில் மேல்படியைக் குறிக்க நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்?" நியாயமான கேள்வி. தயங்க வேண்டியதில்லை.

பள்ளி புரொஃபைல் என்பது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு பக்க ஆவணம். எத்தனை ஏபி பாடங்கள் உள்ளன, கடினமான பாடங்களின் மதிப்பெண்களுக்கு எடை கூட்டுவார்களா, ரேங்க் போடுவார்களா, கடந்த ஆண்டு மாணவர்கள் எங்கே போனார்கள் என்று அதில் இருக்கும். ஆறு ஏபி மட்டுமே உள்ள பள்ளியில் ஐந்து எடுத்த பிள்ளையையும், இருபத்தைந்து உள்ள பள்ளியில் ஐந்து எடுத்த பிள்ளையையும் கல்லூரி வேறுபடுத்திப் பார்ப்பது இந்த ஆவணத்தை வைத்துத்தான். பல பள்ளிகள் இதைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கும். படித்துப் பாருங்கள். பழைய ஆண்டுத் தகவல் இருந்தால் பணிவாகச் சொல்லலாம்.

எல்லாக் கல்லூரிகளும் இத்தனையையும் கேட்பதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் விண்ணப்பத்தின்போது டிரான்ஸ்கிரிப்டும் வாங்குவதில்லை, கவுன்சிலர் கடிதமும் கேட்பதில்லை. மாணவர் தானே மதிப்பெண்களை உள்ளிட வேண்டும். தானே உள்ளிடும் முறை வேறு பல அரசுப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. அங்கே கவுன்சிலரிடம் வாங்க வேண்டியது ஒரே ஒன்று: அதிகாரப்பூர்வமற்ற டிரான்ஸ்கிரிப்டின் நகல். அதைக் கண்முன் வைத்துக்கொண்டு, பாடத்தின் பெயர் உட்பட, எழுத்துக்கு எழுத்து உள்ளிடுங்கள். நினைவிலிருந்து உள்ளிட்டது ஜூனில் போகும் இறுதி டிரான்ஸ்கிரிப்டோடு ஒத்துப்போகாவிட்டால் கிடைத்த இடம் ரத்தாகும் அபாயம் உண்டு.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில்

இந்த இரண்டு ஆண்டுகளில் கவுன்சிலரிடம் பேச வேண்டியது பாடத் தேர்வு. அடுத்த ஆண்டுக்கான பாடக் கோரிக்கைகள் பல பள்ளிகளில் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடிந்துவிடும். ஆகஸ்டில் போய் மாற்றக் கேட்டால் இடம் இருக்காது. கணிதத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடித்தவர் வழக்கமான வரிசையில் பன்னிரண்டில் கால்குலஸ் வருவார். ஒன்பதில் தொடங்கியவர் கால்குலஸ் வரவேண்டுமானால் இடையில் எங்காவது ஒரு பாடத்தைக் கோடையிலோ இரட்டையாகவோ எடுக்க வேண்டும். அதற்கு அனுமதி தருபவர் கவுன்சிலர்.

வெளிநாட்டிலிருந்து ஒன்பதிலோ பத்திலோ வந்து சேர்ந்த பிள்ளை என்றால், பழைய பள்ளியின் மதிப்பெண்களுக்கு எத்தனை கிரெடிட், அவை ஜிபிஏ கணக்கில் சேருமா அல்லது தேர்ச்சி என்று மட்டும் குறிக்கப்படுமா என்பதைச் சேர்ந்த முதல் மாதத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பதிவுகளில் வரும் பிழைகள் பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபரில்தான் கண்ணில் படும். அப்போது திருத்த நேரம் இருக்காது.

தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழுக்கு உலக மொழிக் கிரெடிட் தரும் பள்ளி மாவட்டங்கள் உண்டு. முன் அனுமதி வேண்டும். சில இடங்களில் மொழித் தேர்வு எழுத வேண்டும். கலிஃபோர்னியா 2011இல் தொடங்கிய இருமொழித் திறன் முத்திரை இன்று பெரும்பாலான மாநிலங்களில் கிடைக்கிறது. டிப்ளமாவிலோ டிரான்ஸ்கிரிப்டிலோ ஏறும். இரண்டையும் கவுன்சிலர் தானாக எடுத்துச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். தமிழ் பற்றிய விதிமுறை அவர் கைக்கு அடிக்கடி வராதது.

பதினோராம் வகுப்பின் இரண்டாம் பாதி: பிராக் ஷீட்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஜூனியர் மீட்டிங் (பதினோராம் வகுப்பு மாணவரோடு கவுன்சிலரின் சந்திப்பு) நடக்கும். அதற்கு முன்போ பின்போ பள்ளி ஒரு கேள்விப் படிவம் தரும். பிராக் ஷீட் என்பார்கள். மாணவருக்கு ஒன்று, பல பள்ளிகளில் பெற்றோருக்கும் ஒன்று. பெரிய பள்ளிகளில் கவுன்சிலர் கடிதத்தின் பெரும்பகுதி இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கல்லூரிக் கட்டுரைக்குச் செலவிடும் அக்கறையில் பாதியையாவது இதற்குச் செலவிடச் சொல்வோம்.

பெற்றோர் படிவத்தில் அடிக்கடி வரும் பதில்: "கடின உழைப்பாளி, பொறுப்பானவள், எல்லோரிடமும் அன்பாகப் பழகுவாள்." இதை வைத்துக் கவுன்சிலரால் ஒரு வரிகூட எழுத முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "பத்தாம் வகுப்பு வேதியியலில் முதல் காலாண்டில் சி பிளஸ். வாரத்தில் இரண்டு நாள் மதிய இடைவேளையில் ஆசிரியரிடம் போய் ஆய்வக அறிக்கைகளை மறுபடி எழுதிப் பழகினாள். ஆண்டு முடிவில் ஏ மைனஸ். யாரும் சொல்லாமல் அடுத்த ஆண்டு ஏபி வேதியியல் எடுத்தாள்." குணத்தைச் சொல்லும் சொல் ஒன்றுகூட இதில் இல்லை. ஆனால் குணம் தெரிகிறது.

ஆசிரியர்களின் கடிதமும் கவுன்சிலரின் கடிதமும் வேறு வேறு வேலை செய்கின்றன. வகுப்பில் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதை ஆசிரியர் எழுதுவார். நான்கு ஆண்டுகளின் முழுப் படத்தையும், டிரான்ஸ்கிரிப்டில் தெரியாத காரணங்களையும் சொல்லக்கூடியவர் கவுன்சிலர். ஏபி இயற்பியலும் இசைக்குழுவும் ஒரே பீரியடில் வந்ததால் இயற்பியல் எடுக்க முடியவில்லை. ஆசிரியர் விலகியதால் கணினிப் பாடத்தைப் பள்ளி நிறுத்திவிட்டது. பத்தாம் வகுப்பு வசந்தத்தில் அப்பாவுக்கு வேலை போய் வீடு மாறினார்கள். பிள்ளையே இதைச் சொன்னால் சாக்குப்போக்காகப் படிக்கப்படலாம். பள்ளி சொன்னால் அது பின்னணித் தகவல். எனவே பிராக் ஷீட்டில் இவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்.

நம் குடும்பங்கள் எழுதத் தயங்கும் ஒன்று உண்டு: வீட்டுப் பொறுப்புகள். பள்ளி விட்டு வந்து தம்பியைப் பார்த்துக்கொள்வது, பாட்டியை மருத்துவரிடம் அழைத்துப்போய் மொழிபெயர்ப்பது, குடும்பக் கடையில் வார இறுதியில் நிற்பது. இதெல்லாம் கடமைதானே, இதைப் போய் எழுதுவதா என்று தோன்றும். எழுதுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்றும் குறிப்பிடுங்கள். கல்லூரிகள் இதை மதிக்கின்றன. காமன் ஆப்பின் செயல்பாட்டுப் பட்டியலிலேயே குடும்பப் பொறுப்புக்கு ஓர் இடம் இருக்கிறது. உடல்நலம், மனநலம், பெற்றோர் பிரிவு போன்றவற்றைச் சொல்வதாக இருந்தால், "கடிதத்தில் குறிப்பிடலாம்" அல்லது "உங்கள் தகவலுக்கு மட்டும்" என்று ஒவ்வொன்றின் அருகிலும் எழுதிவிடுங்கள். அனுமதி தெளிவாக இல்லாவிட்டால் எச்சரிக்கையான கவுன்சிலர் அதை முழுவதுமாக விட்டுவிடுவார்.

படிவத்தை இரண்டு பக்கத்துக்குள் முடித்து, மே மாத இறுதிக்குள் கொடுத்துவிடுங்கள். பல கவுன்சிலர்களுக்குக் கோடையில் பணி கிடையாது. ஜூன் நடுவில் அனுப்பும் மின்னஞ்சலை ஆகஸ்டில்தான் பார்ப்பார்கள். ஆசிரியர் கடிதங்களுக்கும் இதே பருவத்தில் நேரில் கேட்பது நல்லது. சில ஆசிரியர்கள் ஆண்டுக்கு இத்தனை கடிதம்தான் என்று வரம்பு வைத்திருப்பார்கள், முதலில் கேட்டவருக்கே கிடைக்கும்.

அதே சந்திப்பில் கல்லூரிப் பட்டியலையும் எடுத்துப் போங்கள். நேவியன்ஸ், ஸ்காயர் போன்ற மென்பொருள் பயன்படுத்தும் பள்ளிகளில், அந்தப் பள்ளியிலிருந்தே முந்தைய ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்களின் ஜிபிஏவும் முடிவும் பெயரில்லாப் புள்ளிகளாகத் தெரியும். நாடு முழுவதற்குமான சராசரியைவிட இது பயனுள்ளது. கேட்க வேண்டிய கேள்வி: "இந்த மதிப்பெண்ணோடு, இந்தத் துறைக்கு, நம் பள்ளியிலிருந்து கடந்த மூன்று ஆண்டுகளில் என்ன நடந்தது?" துறையைச் சேர்த்துக் கேளுங்கள். கணினி அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் ஒரே கல்லூரியில் கதவின் அகலம் வேறு. பட்டியலில் எல்லாமே எட்டாக் கல்லூரிகளாக இருக்கின்றன என்று கவுன்சிலர் சொன்னால் கோபப்பட வேண்டாம். பிள்ளையைக் குறைத்து மதிப்பிடுகிறார் என்று பெற்றோர் நினைப்பதுண்டு. அவர் தன் கண்ணால் பார்த்த முடிவுகளிலிருந்து பேசுகிறார்.

காகித வேலை: சிக்கல் பிறக்கும் இடம்

ஆகஸ்ட் 1 அன்று காமன் ஆப் அந்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்படும். அதற்கு முன்பே கணக்குத் தொடங்கியிருந்தாலும் கல்லூரி சார்ந்த கேள்விகளின் பதில்களும் பரிந்துரையாளர் அழைப்புகளும் அழிந்துவிடும். ஆகவே பின்வரும் வரிசையை ஆகஸ்ட் 1க்குப் பிறகே தொடங்குங்கள்:

1. கல்விப் பகுதியில் தற்போதைய பள்ளியைச் சரியாகத் தேர்ந்தெடுத்து முடிக்கவும். ஒரே பெயரில் பல பள்ளிகள் இருக்கும், ஊரைச் சரிபார்க்கவும்.
2. குறைந்தது ஒரு கல்லூரியைப் பட்டியலில் சேர்க்கவும். இல்லாவிட்டால் அடுத்த படி திறக்காது.
3. ஃபெர்பா (மாணவர் பதிவுகளின் தனியுரிமைச் சட்டம்) ஒப்புதலில் கையெழுத்திடவும். பரிந்துரைக் கடிதங்களைப் பின்னாளில் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்கும். விட்டுக்கொடுப்பதே வழக்கம், இல்லாவிட்டால் சிலர் கடிதம் எழுத மறுப்பார்கள், கல்லூரியும் அதற்குக் குறைந்த எடையே தரும்.
4. பள்ளி நேவியன்ஸ் போன்றதைப் பயன்படுத்தினால் இரண்டு கணக்குகளையும் இணைக்கவும். அதன்பின் ஆசிரியர்களை அந்த மென்பொருளில் மட்டுமே அழைக்க வேண்டும், காமன் ஆப்பில் அழைக்கக் கூடாது.
5. ஒவ்வொரு கல்லூரிக்கும் பள்ளியின் டிரான்ஸ்கிரிப்ட் கோரிக்கைப் படிவத்தைத் தனியாகக் கொடுக்கவும்.

ஐந்தாவதை மறப்பவர்கள் அதிகம். காமன் ஆப்பில் சேர்த்தாலே பள்ளிக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பெயர் விஷயம் நமக்கென்றே உள்ள தலைவலி. கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும். பள்ளிப் பதிவில் இனிஷியல் மட்டும். எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் கூப்பிடும் பெயர். கல்லூரியின் கணினி பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத்தான் ஆவணங்களைச் சேர்க்கிறது. பொருந்தாத டிரான்ஸ்கிரிப்ட் எங்கோ அநாதையாகக் கிடக்கும், விண்ணப்ப நிலையைக் காட்டும் பிள்ளையின் போர்ட்டலில் (கல்லூரியின் இணையப் பக்கம்) "வரவில்லை" என்று காட்டும். பதினோராம் வகுப்பு முடிவதற்குள் பள்ளிப் பதிவு, காமன் ஆப், தேர்வுக் கணக்கு மூன்றிலும் சட்டப்படியான ஒரே பெயர் இருக்கும்படி செய்யுங்கள். பள்ளிப் பதிவைத் திருத்தக் கவுன்சிலரிடமோ பதிவு அலுவலகத்திடமோ கடவுச்சீட்டின் நகல் கொடுத்தால் போதும்.

குடியேற்ற நிலையையும் கவுன்சிலரிடம் சொல்லிவிடுவது நல்லது. எச்-4 விசாவில் (பணி விசாவில் உள்ளவரின் குடும்பத்தாருக்கானது) உள்ள பிள்ளைக்கு ஃபாஃப்சா என்ற நிதியுதவி விண்ணப்பம் வழியாகக் கிடைக்கும் மத்திய அரசு உதவி கிடையாது. இங்கேயே படித்திருந்தும் சில கல்லூரிகள் அவரை வெளிநாட்டு விண்ணப்பதாரர் வரிசையில் வைக்கும். மாநிலக் கட்டணச் சலுகையின் விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எல்லாக் கவுன்சிலருக்கும் இது தெரிந்திருக்காது. தெரியாமல் "எல்லோரும் ஃபாஃப்சா நிரப்புங்கள்" என்பார். ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்திடமே எழுதிக் கேட்டு, வந்த பதிலைக் கவுன்சிலருக்கும் அனுப்பி வையுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பின் நாட்காட்டி

கல்லூரியின் கெடு ஒன்று, பள்ளியின் உள்கெடு ஒன்று. பின்னது இரண்டு முதல் நான்கு வாரம் முன்னதாக வரும். நவம்பர் 1 முன்கூட்டிய விண்ணப்பம் என்றால் பள்ளி அக்டோபர் தொடக்கத்திலேயே கோரிக்கையை எதிர்பார்க்கும். ஜனவரி 1 கெடுவில் பலர் ஏமாறுவார்கள்: டிசம்பர் கடைசி வாரம் பள்ளி மூடியிருக்கும். நவம்பர் இறுதிக்குள் கேட்டுவிட்டால் பாதுகாப்பு. பிள்ளை தன் பகுதியைக் கெடு நாளுக்குள் அனுப்பியே ஆகவேண்டும். பள்ளியின் ஆவணம் சில நாள் தாமதமானால் கல்லூரிகள் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும். அதனால் நவம்பர் 1 இரவு கவுன்சிலரைத் துரத்த வேண்டாம்.

எர்லி டிசிஷன் என்பது, இடம் கிடைத்தால் அங்கேயே சேரக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். மாணவர், பெற்றோர், கவுன்சிலர் மூவரும் கையெழுத்திட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கல்லூரிகளுக்கு அப்படி விண்ணப்பித்தால் கவுன்சிலர் கையெழுத்திட மாட்டார். இடம் கிடைத்தபின் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். நிதியுதவி போதாது என்பது விலகுவதற்கு ஏற்கப்படும் காரணம். ஆனால் அதைக் கணக்கோடு காட்ட வேண்டும். ஆகவே கையெழுத்துக்கு முன்பே கல்லூரி தளத்தின் செலவுக் கணிப்பானில் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள்.

டெக்சஸில் ரேங்க் கணக்கே கதவைத் திறக்கும் அல்லது மூடும். 1997இல் வந்த சட்டப்படி வகுப்பின் முதல் பத்து சதவீதத்தினருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் உண்டு. ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் எல்லை இறுக்கமானது, 2026 இலையுதிர் பருவச் சேர்க்கையிலிருந்து முதல் ஐந்து சதவீதம். அங்கே ஜூனியர் ஆண்டு முடிவில் ரேங்க் எப்படிக் கணக்கிடப்படுகிறது, எந்தப் பாடத்துக்கு எடை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

வருமானம் குறைவான குடும்பங்கள் கட்டண விலக்கைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். எஸ்ஏடி கட்டண விலக்கைக் கவுன்சிலர் வழியாகப் பெறலாம். அதைப் பெற்றவருக்குப் பல கல்லூரிகளின் விண்ணப்பக் கட்டணமும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற நிதியுதவிப் படிவத்தின் கட்டணமும் இல்லாமல் போகும்.

எழுதும் முறை

மின்னஞ்சலைப் பிள்ளை எழுதட்டும், தேவையானால் உங்களுக்கு ஒரு நகல். தலைப்பில் முழுப் பெயர், மாணவர் எண், வகுப்பு, என்ன வேண்டும். உள்ளே மூன்று வரி போதும்: எந்தக் கல்லூரி, எந்தக் கெடு, எந்த ஆவணம். ஒரு வாரம் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக ஒரு வரி. அதற்கும் வராவிட்டால் பள்ளி நேரத்தில் அலுவலகத்துக்கு நேரில் போவது. முதல்வருக்குப் புகார் எழுதுவது கடைசி வழி. தினமும் பெற்றோரிடமிருந்து மின்னஞ்சல் வரும் மாணவரைப் பற்றி "தானே தன் காரியங்களைப் பார்த்துக்கொள்பவர்" என்று கவுன்சிலரால் மனமார எழுத முடியாது.

கெட்டுப்போகும் இடங்கள்

போர்ட்டலில் "டிரான்ஸ்கிரிப்ட் இல்லை" என்று வந்தால் முதலில் பள்ளி அனுப்பிய தேதியைப் பாருங்கள். கெடு வாரங்களில் கல்லூரி அதைப் பதிவு செய்ய ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். அதற்குப் பிறகும் வராவிட்டால் பிள்ளை கல்லூரிக்கு எழுதி விசாரித்து, அவர்கள் மீண்டும் கேட்டால் மட்டும் பள்ளியிடம் மறுபடி அனுப்பச் சொல்லட்டும்.

விண்ணப்பித்த பிறகு பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தைக் கைவிடுவது பெரிய விஷயம். மிட்-இயர் ரிப்போர்ட்டில் அது தெரிந்துவிடும். கைவிடும் முன் கவுன்சிலரிடம் பேசி, காரணத்தைக் கல்லூரிகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லுங்கள்.

கவுன்சிலர் ஆண்டு நடுவில் மாறிவிட்டால் பழைய பிராக் ஷீட்டைப் புதியவருக்கு அன்றே அனுப்பி, பதினைந்து நிமிடச் சந்திப்பு கேளுங்கள். நேரமில்லை, கடிதம் எழுத முடியாது என்று கவுன்சிலர் சொன்னால் பதற வேண்டாம்: காமன் ஆப் படிவத்திலேயே அப்படிக் குறிக்க வழி இருக்கிறது, கல்லூரிகள் அதற்காகப் பிள்ளையைத் தண்டிப்பதில்லை. அப்போது பின்னணியைச் சொல்லக் காமன் ஆப்பின் கூடுதல் தகவல் பகுதியைப் பயன்படுத்துங்கள். பணம் கொடுத்து அமர்த்தும் தனியார் ஆலோசகர் கட்டுரையில் உதவலாம், பட்டியல் போடலாம். பள்ளியின் ஆவணம் எதையும் அவரால் அனுப்ப முடியாது. அவர் சொன்னதும் கவுன்சிலர் சொன்னதும் முரண்பட்டால், பள்ளி சார்ந்த விஷயத்தில் கவுன்சிலர் சொல்வதையே கேளுங்கள்.

முடிவுகள் வந்த பிறகு

எல்லா முடிவுகளையும், மறுப்பு உட்பட, கவுன்சிலரிடம் சொல்லுங்கள். டிஃபர் (முடிவைத் தள்ளிவைத்தல்) அல்லது வெயிட்லிஸ்ட் (காத்திருப்போர் பட்டியல்) வந்தால் பிள்ளை ஒரு கடிதம் எழுதலாம்: இடம் கிடைத்தால் வருவேன் என்பது உண்மையானால் அதை வெளிப்படையாகச் சொல்லி, புதிதாக நடந்தவற்றை மட்டும் சேர்த்து, ஒரு பக்கத்துக்குள். கவுன்சிலர் புதிய மதிப்பெண்களை அனுப்பலாம். அந்தக் கல்லூரியில் நம் பகுதிக்கான சேர்க்கை அதிகாரியை அவருக்குத் தெரிந்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பும் செய்யலாம். கேட்டால்தான் செய்வார்.

மே 1க்குள் ஒரு கல்லூரியை உறுதிசெய்ததும், இறுதி டிரான்ஸ்கிரிப்ட் எங்கே போகவேண்டும் என்று பள்ளிக்கு ஒரே பெயரைக் கொடுங்கள். இரட்டைக் கிரெடிட் பாடம் (பள்ளி, கல்லூரி இரண்டிலும் கணக்கில் வருவது) எடுத்திருந்தால் சமுதாயக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டைத் தனியாகக் கோர வேண்டும். பள்ளி அதை அனுப்பாது. பட்டமளிப்பு முடிந்து இரண்டு வாரத்தில் போர்ட்டலைத் திறந்து இறுதி டிரான்ஸ்கிரிப்ட் வந்துவிட்டதா என்று பாருங்கள். ஜூலையில் பள்ளி அலுவலகம் பாதி மூடியிருக்கும், கல்லூரியோ அது வராமல் அடுத்த பருவப் பதிவை நிறுத்திவைக்கலாம்.